பெங்களூரில் கடை போடுகிறீர்களா? குப்பைக் கணக்கை முதல் நாளே தொடங்குங்கள்

பெங்களூரில் புதிதாக மெஸ், பேக்கரி, மளிகைக் கடை, தையல் யூனிட், சின்ன ஆபீஸ் என்று எதைத் தொடங்கினாலும் டிரேட் லைசென்ஸ் பற்றியும் ஜிஎஸ்டி பற்றியும் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். குப்பையை என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் சில மெஸ்களுக்கும் பேக்கரிகளுக்கும் குப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஊரிலிருந்து வந்து கடை போடுபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு கொடுத்தா எடுத்துட்டுப் போவாங்க?"

அதற்குப் பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது: தினமும் எத்தனை கிலோ வருகிறது? இது தெரியாமல் எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எத்தனை தொட்டி வாங்குவது, யாருடன் ஒப்பந்தம் போடுவது, கேட்கிற காசு நியாயமா என்று எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டியின் முதல் படி எடைதான்.

ஒரு வாரம் எடை போடுங்கள்

காய்கறிக் கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொக்கியில் மாட்டும் டிஜிட்டல் தராசு போதும். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, ஈரக் குப்பை, உலர் குப்பை, மீதி. திங்கள் முதல் ஞாயிறு வரை விடாமல் எழுதுங்கள். ஒரே ஒரு நாள் எடை போட்டுவிட்டு முப்பதால் பெருக்கக் கூடாது. ஆபீஸ் ஏரியாவில் இருக்கும் மெஸ்ஸுக்கு ஞாயிறு பாதியாகக் குறையும், குடியிருப்புப் பகுதியில் இருக்கும் பேக்கரிக்கு ஞாயிறுதான் உச்சம். ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களில் எல்லாக் கணக்கும் மாறும். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எடை போடும்போதே ஒன்றைக் கவனிப்பீர்கள். சாப்பாட்டுக் கடையின் ஈரக் குப்பையில் பெரிய பங்கு தண்ணீர். மிச்ச சாம்பார், ரசம், மோர், கழுவிய தண்ணீர் எல்லாம் தொட்டிக்குள் போய் எடையை ஏற்றிவிடும். கிலோ கணக்கில் காசு கொடுப்பவர் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். தொட்டியின் வாயில் ஒரு பெரிய துளைத் தட்டு வைத்து, வடிந்த பிறகு கொட்டச் சொல்லுங்கள். வடியும் நீர் கிரீஸ் டிராப் எனும் பிசுக்குப் பிடிக்கும் தொட்டி வழியாகத்தான் சாக்கடைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு குழாயை அடைத்துவிடும். இந்த ஒரு மாற்றத்தில் எடை குறைவதை உங்கள் நோட்டிலேயே பார்ப்பீர்கள். நாற்றமும் குறையும்.

100 கிலோ என்ற கோடு

ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடத்தை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 'பல்க் ஜெனரேட்டர்', அதாவது பெருமளவில் குப்பை உருவாக்கும் இடம், என்று வகைப்படுத்தின. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய விதிகளில் இந்த வரையறை விரிந்திருக்கிறது. நாளைக்கு 100 கிலோ குப்பை, 20,000 சதுர மீட்டர் தளப் பரப்பு, நாளைக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, இந்த மூன்றில் ஒன்றை எட்டினாலே நீங்கள் பல்க். பல்க் என்றால் தெருவுக்கு வரும் சின்ன ஆட்டோ டிப்பரை நம்பி இருக்க முடியாது. ஈரக் குப்பையை முடிந்தவரை உங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். இதற்கான மத்திய இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும்.

சின்ன மெஸ், டீக்கடை, மளிகைக் கடை எல்லாம் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். கல்யாண மண்டபம், பெரிய ஓட்டல், டெக் பார்க் கேன்டீன், சூப்பர் மார்க்கெட் தாண்டிவிடும். நடுவில் மாட்டுபவர்கள் 70, 80 கிலோவில் இருக்கும் மெஸ்காரர்கள். வியாபாரம் சற்று ஏறினாலே கோட்டைத் தாண்டிவிடுவார்கள். அவர்களுக்கு என் ஆலோசனை: இப்போதே பல்க் என்று நினைத்து ஏற்பாடு செய்யுங்கள். தாண்டிய பிறகு அவசரத்தில் போடும் ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தமாக இருப்பதில்லை.

கோட்டுக்குக் கீழே இருந்தாலும் பிரித்துக் கொடுக்கும் கடமை எல்லோருக்கும் உண்டு. நகரின் குப்பை நிர்வாகம் இப்போது பெங்களூரு திடக்கழிவு மேலாண்மை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'பிஎஸ்டபிள்யூஎம்எல்' என்பார்கள். பழைய பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி போய் 2025-ல் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. ஆகவே கடை எந்த மாநகராட்சியில், எந்த வார்டில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் பழைய வார்டு நம்பரை நம்ப வேண்டாம். குப்பைக் கட்டணம் 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியுடன் சேர்ந்து வருகிறது. வாடகைக் கடை என்றால் அதை யார் கட்டுவது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஊர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2012-ல் மாவள்ளிபுரா குப்பைமேடு மூடப்பட்டபோது நகரத்தின் குப்பை போக இடமில்லாமல் தெருவிலேயே குவிந்தது. அப்புறம் மண்டூர் கிராமத்துக்கு லாரி லாரியாகப் போனது. அந்த மக்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் மூச்சுக்கும் போராடி, 2014 டிசம்பரோடு அதை நிறுத்தவைத்தார்கள். நாம் கலந்து போடும் ஒவ்வொரு தொட்டியும் இன்னொரு கிராமத்தின் வாசலில்தான் போய் நிற்கும். நான் இந்த வேலையில் பிடிவாதமாக இருப்பதற்கு அபராதத்தை விட இதுதான் பெரிய காரணம்.

பிரிப்பது கல்லாவில் இல்லை, கை கழுவும் இடத்தில்

2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் பெங்களூருக்கு ஒரு முறையைக் கட்டாயமாக்கியது: இரண்டு தொட்டி, ஒரு பை. பச்சைத் தொட்டியில் ஈரக் குப்பை, சிவப்புத் தொட்டியில் கழிப்பறைக் குப்பை, பையில் உலர் குப்பை. புதிய விதிகள் இதை நான்காக்கியிருக்கின்றன: ஈரம், உலர், சானிட்டரி, தனிக் கவனம் தேவைப்படும் குப்பை. நான்காவதில் பல்பு, பேட்டரி, பெயின்ட் டப்பா, காலாவதியான மருந்து எல்லாம் வரும். கன்னடத்தில் ஹசி கசா என்றால் ஈரம், ஒண கசா என்றால் உலர். வண்டிக்காரரிடம் பேச இந்த இரண்டு சொற்களும் தெரிந்தே இருக்க வேண்டும்.

நிறையக் கடைகளில் வாசலில் அழகாக மூன்று நிறத் தொட்டி இருக்கும், உள்ளே எல்லாம் ஒன்றாகவே விழும். குப்பை பிறக்கும் இடத்தில் பிரிக்காவிட்டால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. மெஸ்ஸில் அந்த இடம் எது? இலை எடுத்துக் கொண்டுவந்து போடும் இடம். மதியம் இரண்டரை மணிக்குப் போய் அங்கே நின்று பாருங்கள். இலையில் மிச்சச் சோறு, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, அதன் மேல் ஊறுகாய் பாக்கெட், டிஷ்யூ, தண்ணீர் பாட்டில் மூடி, சில சமயம் கஸ்டமர் வைத்துவிட்டுப் போன மாத்திரை அட்டை. இலையை மடித்துத் தூக்கும் அக்காவின் கையில் அப்போது ஐந்து நொடிதான் இருக்கும். அந்த ஐந்து நொடியில் பாக்கெட்டையும் மூடியையும் இடப்பக்கச் சிறு கூடையில் தட்டிவிட்டு, இலையை வலப்பக்கப் பச்சைத் தொட்டியில் போட முடிய வேண்டும். அதற்குக் கூடை அவர் கைக்கெட்டும் தூரத்தில், இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். மூன்றடி தள்ளி வைத்தால் போட மாட்டார், அது அவர் தவறும் இல்லை.

இன்னும் நல்ல வழி, பிரிக்க வேண்டிய பொருளையே உள்ளே விடாமல் இருப்பது. ஊறுகாய் பாக்கெட்டுக்குப் பதில் கிண்ணமும் கரண்டியும். பேப்பர் கப்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் அல்லது கண்ணாடி கிளாஸ். பேப்பர் கப் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ளது. ஈரத்திலும் போக முடியாது, பழைய பேப்பரோடும் போகாது. தட்டின் மேல் விரிக்கும் இலை படம் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை அறவே வைத்துக்கொள்ளாதீர்கள். 2016 மார்ச்சில் கர்நாடக அரசு கொண்டுவந்த தடையிலேயே சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன், கேரி பேக், தெர்மகோல் பொருட்கள் எல்லாம் வந்துவிட்டன, எத்தனை மைக்ரான் தடிமன் என்ற கணக்குப் பார்க்காமலே. ஊரில் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்கிவந்து இங்கே மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதுக்குமான தடையும் உண்டு.

தொட்டிக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் கவர் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஈரத் தொட்டியின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்தால் போதும், தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும். அதனால் ஈரத்துக்கு இரண்டு செட் தொட்டி வாங்குங்கள், ஒன்று காயும்போது இன்னொன்று நிரம்பட்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், எலிக்கும் ஈக்கும்.

உலர் குப்பையில் எது காசு, எது செலவு என்று தெரிந்தால் பணியாளர்கள் அக்கறையாகப் பிரிப்பார்கள். அட்டைப்பெட்டி, பால் கவர், பெட் பாட்டில், டின், பழைய பேப்பர் இவற்றுக்கு விலை உண்டு. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கெட் கவர் போல உள்ளே வெள்ளி மினுக்கும் பல அடுக்குப் பிளாஸ்டிக்குக்கு விலை இல்லை, அவற்றைச் சேர்த்து சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். அட்டை நனைந்தால் விலை போய்விடும், ஆகவே மழைக்காலத்தில் அதை வாசலில் வைக்காதீர்கள். பால் கவரை மூலையில் சின்னதாக வெட்டி, அந்தத் துண்டு கவரோடு ஒட்டியபடியே இருக்குமாறு விட்டு, அலசிக் காயவையுங்கள். தனியாக விழும் அந்தத் துணுக்குகளைப் பொறுக்க யாராலும் முடியாது. உலர் குப்பை விற்ற காசைப் பணியாளர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் மெஸ்கள் சில எனக்குத் தெரியும். அங்கே பிரிப்பு பற்றி யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருப்பதில்லை.

எண்ணெய்க்குத் தனி டின்

பஜ்ஜி, போண்டா, சிப்ஸ் போடுபவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'டோட்டல் போலார் காம்பவுண்ட்' எனப்படும் பொருட்கள் கூடிக்கொண்டே போகும். 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. அளந்து பார்க்கக் கையடக்கக் கருவியும் சோதனைப் பட்டைகளும் கிடைக்கின்றன. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் எண்ணெய் செலவாகும் இடம் என்றால் பதிவேடு வைத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களும் வைத்தால் நல்லதுதான்.

பழைய எண்ணெயை வாங்கப் பலர் வருவார்கள். அதில் சிலர் அதை வடிகட்டித் தெருவோரக் கடைகளுக்கு மறுபடி விற்றுவிடுவார்கள். நம் கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய எண்ணெய் யாரோ ஒரு குழந்தையின் தட்டுக்குப் போவது நம் பொறுப்புதான். எஃப்எஸ்எஸ்ஏஐயின் 'ரூக்கோ' திட்டத்தில் பதிவான சேகரிப்பாளர்கள் அதை பயோடீசல் தயாரிக்க எடுத்துச் செல்கிறார்கள், காசும் கொடுக்கிறார்கள். ஆறிய எண்ணெயை வடிகட்டி மூடியுள்ள டின்னில் ஊற்றி, 'பயன்படுத்திய எண்ணெய்' என்று எழுதி, தேதி போட்டு வையுங்கள். எடுத்துச் செல்பவரிடம் ரசீது வாங்குங்கள். அந்த ரசீது உணவுப் பாதுகாப்பு அதிகாரி வரும்போதும் உதவும்.

யாரிடம் கொடுப்பது

சின்னக் கடை என்றால் காலையில் வரும் நகராட்சியின் ஆட்டோ டிப்பர்தான். அது எத்தனை மணிக்கு வருகிறது, உலர் குப்பையை எந்த நாட்களில் எடுக்கிறது என்று வார்டு மேஸ்திரியிடம் கேளுங்கள். பல வார்டுகளில் ஈரம் தினமும், உலர் வாரத்துக்கு இரண்டு நாளும் எடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் வண்டி காலை ஏழு, எட்டுக்கு வரும், நிறையக் கடைகள் பத்துக்குத்தான் திறக்கும். முந்தின இரவே மூட்டையைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போவதில்தான் 'பிளாக் ஸ்பாட்'கள் பிறக்கின்றன. ஒருவர் வைத்தால் நாலு பேர் வைப்பார்கள், நாய் கிழிக்கும், மாடு பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்னும். பக்கத்தில் காலையிலேயே திறக்கும் பால் கடைக்காரரோ பூக்கடை அக்காவோ இருந்தால் பேசிவைத்து, உங்கள் தொட்டியை அவர் வண்டியில் கொடுக்கச் செய்யலாம். இப்போது பல இடங்களில் கேமராவும் இருக்கிறது, மார்ஷல்கள் அபராதமும் போடுகிறார்கள்.

உலர் குப்பைக்கு இன்னொரு நல்ல வழி வார்டு உலர் கழிவு சேகரிப்பு மையம். பெங்களூரில் இந்த மையங்கள் பலவற்றை முன்பு தெருவில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே நடத்துகிறார்கள். 'ஹசிரு தளா' என்ற அமைப்பு அவர்களை ஒன்றுசேர்த்து, நகராட்சியின் அடையாள அட்டை வாங்கித்தந்து, இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு வகித்தது. ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். மேசையில் கொட்டிய குவியலிலிருந்து ஒரு கவரை எடுத்து, விரலால் ஒரு கசக்கு கசக்கி, அந்தச் சத்தத்தை வைத்தே அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லி அந்தந்தச் சாக்கில் போடுவார்கள். நீங்கள் சாம்பார் படிந்த கவரை அனுப்பினால் அந்த விரல்களுக்குத்தான் போகிறது.

பழைய பேப்பர் கடை, இங்கே சொல்லும் குஜிரிக் கடை, இவற்றிடம் அட்டையும் இரும்பும் கொடுப்பதில் தவறில்லை. அங்கிருந்து ஜாலி மொஹல்லா, நாயண்டஹள்ளி என்று பழைய பொருள் வியாபாரம் நடக்கும் பகுதிகள் வழியாக அது மறுசுழற்சிக்கே போகிறது. ஆனால் அவர்கள் விலை உள்ளதை மட்டும் எடுப்பார்கள். விலை இல்லாததை என்ன செய்வீர்கள் என்பதே உங்கள் ஏற்பாட்டுக்கான சோதனை.

பல்க் இடம் என்றால் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை நகராட்சியிடம் கேட்டு வாங்குங்கள். சாஹஸ் ஜீரோ வேஸ்ட், ஹசிரு தளா இன்னோவேஷன்ஸ் போன்ற நிறுவனங்கள் பல வருடமாக இந்த வேலையில் இருக்கின்றன. சின்ன உள்ளூர் நிறுவனங்களும் நிறைய உண்டு. பெயர் பெரிதா சிறிதா என்பதை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். "அண்ணா, எங்க ஈரக் குப்பை எந்த பிளான்ட்டுக்குப் போகுது?" "ஒருநாள் நாங்க வந்து பார்க்கலாமா?" தயங்காமல் வாங்க என்பவரிடம் மேற்கொண்டு பேசுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பவர் விலை குறைத்துச் சொன்னாலும் வேண்டாம். புறநகர்ச் சாலையோரங்களில் இரவில் கொட்டப்படும் குப்பை இப்படிப்பட்ட மலிவான ஒப்பந்தங்களிலிருந்துதான் போகிறது. மூட்டைக்குள் உங்கள் கடை பில் கிடந்தால் தேடி வருவது உங்களைத்தான்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

மாதத் தொகையா, கிலோ கணக்கா? நான் கிலோ கணக்கையே சொல்வேன். மாதத் தொகை என்றால் குப்பையைக் குறைப்பதில் உங்களுக்கு லாபம் இல்லை. கிலோ கணக்கு என்றால் துளைத் தட்டு வைத்ததற்கும் பாக்கெட்டை ஒழித்ததற்கும் மாதக் கடைசியில் பலன் தெரியும். ஆனால் எடை உங்கள் கண் முன்னால், உங்கள் தராசில் போடப்பட வேண்டும், ஒவ்வொரு முறையும் சீட்டு வேண்டும். ஈரம், உலர், மீதி மூன்றும் தனித்தனி எடையாகப் பில்லில் வர வேண்டும். மொத்தமாக ஒரே எண் போட்டுத் தந்தால் அவர்கள் கலந்து எடுத்துச் செல்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

எடுக்கும் நேரம், வராத நாளுக்கு எவ்வளவு காசு கழிப்பது, பண்டிகை நாட்களில் கூடுதல் வண்டி, கலந்து கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள், உலர் குப்பை விற்ற காசில் உங்களுக்குப் பங்கு உண்டா, எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடைசியாக ஒன்று, இதைப் பலர் எழுதுவதில்லை: குப்பை எடுக்க வரும் தொழிலாளிக்கு கையுறை, காலணி, பிஎஃப், இஎஸ்ஐ உண்டு என்று அந்த நிறுவனம் உறுதி தர வேண்டும். விலையைக் குறைத்துக் குறைத்துப் பேசினால் நிறுவனம் முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

அந்தத் தொழிலாளிகள் விஷயத்தில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. உடைந்த கண்ணாடியைத் தடிமனான அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெரிதாக எழுதிக் கொடுங்கள். நாப்கின், டயப்பரைப் பேப்பரில் மடித்துச் சிவப்புப் பேனாவால் குறி போடுவது இந்த ஊர்ப் பழக்கம், பெண் ஊழியர்கள் உள்ள எல்லா இடத்திலும் கழிப்பறையில் பழைய பேப்பரும் மூடியுள்ள தொட்டியும் வைத்தால் இது தானாக நடக்கும். இந்த ஊர்த் துப்புரவுப் பணியாளர்களில் தெலுங்கும் தமிழும் பேசுபவர்கள் நிறையப் பேர். பெயர் கேட்டு, பெயர் சொல்லிப் பேசுங்கள். தண்ணீர் கொடுங்கள்.

சொந்தமாக உரம் போடலாமா

இடம் இருந்தால் போடலாம், ஆனால் ஆள் இருந்தால் மட்டும். எந்திரம் வாங்கிப் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் மூலையில் துருப்பிடிக்க விட்ட வளாகங்கள் இந்த ஊரில் ஏராளம். எந்திரம் துண்டுதுண்டாக்கும், சூடாக்கும், அவ்வளவுதான். மக்க வைப்பது நுண்ணுயிர், அதற்கு நேரமும் காற்றும் வேண்டும். எந்திரத்திலிருந்து ஒரே நாளில் வெளிவரும் பழுப்புத் தூள் உரம் அல்ல, அதைக் குவித்துவைத்துப் பக்குவப்படுத்த வேண்டும்.

ஈரக் குப்பையில் நைட்ரஜன் அதிகம். அதோடு காய்ந்த இலை, தேங்காய் நார்த்தூள், மரத்தூள் என்று கார்பன் உள்ள பொருளைச் சேர்த்தால்தான் நாறாமல் மக்கும். பங்களூர் தெருக்களில் காய்ந்த இலைக்குப் பஞ்சமில்லை, எரிக்காமல் மூட்டை கட்டிவைக்கச் சொல்லிப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வாங்கலாம். குவியல் நாறினால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறுங்கள். சூடே ஏறவில்லை என்றால் மிகவும் காய்ந்துவிட்டது அல்லது குவியல் சிறிது. இறைச்சிக் கழிவை இதில் போட வேண்டாம், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இளநீர்க் கூட்டையும் போடாதீர்கள், மக்க நாளாகும், எந்திரத்தின் பிளேடையும் உடைக்கும். அதைத் தனியாக எடுத்து நார் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆபீஸ், கிளினிக், புதுக் கடை வேலை

ஆபீஸ் குப்பை பெரும்பாலும் பேப்பரும் சாப்பாட்டுப் பார்சல் டப்பாவும்தான். ஒவ்வொரு மேசைக்கடியிலும் இருக்கும் தொட்டியை எடுத்துவிட்டு, பேன்ட்ரி பக்கத்தில் ஒரே இடத்தில் தொட்டிகளை வையுங்கள், பிரிப்பு உடனே சரியாகும். பழைய கம்ப்யூட்டர், யுபிஎஸ் பேட்டரி இவற்றைக் குஜிரிக் கடையில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி கம்ப்யூட்டரைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோதான் கொடுக்க வேண்டும். 1,000 மின்னணுச் சாதனங்களோ அதற்கு மேலோ பயன்படுத்தும் நிறுவனம் என்றால் 'பல்க் கன்ஸ்யூமர்' ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க்கை அழித்ததற்கும் சேர்த்துச் சான்றிதழ் கேளுங்கள்.

கிளினிக், லேப், பல் மருத்துவமனை நடத்துபவர்களுக்கு மருத்துவக் கழிவு விதிகள் முற்றிலும் தனி. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு ஊசியைக்கூட வெளியே அனுப்பக் கூடாது.

கடை உள்ளலங்காரம் முடியும்போது இடிபாடு, டைல்ஸ் துண்டு, ஜிப்சம் போர்டு எல்லாம் மிஞ்சும். அதையும் ஒப்பந்ததாரர் எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். ஏரிக்கரையும் ராஜகால்வாய் எனும் பெரிய மழைநீர்க் கால்வாயும் அதற்கான இடம் இல்லை, கட்டடக் கழிவுக்குச் சிக்கஜாலா பக்கம் மறுசுழற்சி ஆலை இருக்கிறது. எதையும் எரிக்காதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது.

வண்டி வராத நாளும், கடையில் வைக்கும் ஃபைலும்

எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் வண்டி வராத நாள் வரும். வேலைநிறுத்தம், பந்த், பிளான்ட் வாசலில் கிராமத்து மக்கள் போராட்டம், பெருமழை. அதற்காக இரண்டு நாள் ஈரக் குப்பை தாங்கும் அளவு மூடியுள்ள டிரம் கூடுதலாக வைத்திருங்கள். வடித்துவிட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் நார்த்தூளைத் தூவி மூடினால் இரண்டு நாள் தாங்கும். இறைச்சி, மீன் கழிவு தாங்காது, அதைக் கட்டி டீப் ஃப்ரீசரில் தனித் தட்டில் வைக்க இடம் ஒதுக்குங்கள், உணவுப் பொருளோடு ஒட்டக் கூடாது. உலர் குப்பை ஒரு வாரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

ஃபைலில் இருக்க வேண்டியவை: நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம், அதன் அங்கீகார நகல், மாதாந்திர எடைச் சீட்டுகள், எண்ணெய் ரசீது, மின்னணுக் கழிவுச் சான்றிதழ், சொத்து வரியுடன் கட்டிய குப்பைக் கட்டணத்தின் நகல், பல்க் என்றால் பதிவுச் சான்று. இதெல்லாம் கல்லாப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஓனர் வீட்டில் வேண்டாம். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வருவது பெரும்பாலும் ஓனர் இல்லாத நேரத்தில்தான். கல்லாவில் இருக்கும் தம்பிக்கு ஃபைல் எங்கே இருக்கிறது, நேற்று எத்தனை கிலோ போனது என்று தெரிந்திருக்க வேண்டும்.